ஆரஞ்சு மரத்தடி இரண்டு முழம்

புதிய சாந்தா ஃபே
1660, பிப்ரவரி 20

கசில்தா அண்ணிக்கு,

இது பேச்சு அல்ல, கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மெல்ச்சோர் செத்த ஒன்பதாம் நாள், அவனுக்கு வைத்த பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால், நீங்கள் ஆரஞ்சு மரத்தை உங்கள் பக்கம் வளைத்துப் போட்டு மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தீர்கள். "இந்தச் சுவர் நிக்கிற வரைக்கும் உங்ககூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று அன்றைக்கு நடுத்தெருவில் நின்று சத்தியம் செய்தேன். ஆறு வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். கடிதம் எழுதினால் சத்தியம் உடையுமா என்று இங்கே சாமியாரிடம் கேட்டேன். "எழுதுறது பேச்சுல சேராதும்மா. ஆனா திட்டி எழுதினா அது தனிப் பாவம்" என்றார். ஆகவே திட்டாமல் எழுத முயல்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை.

ஆறு அரித்துத் தின்கிற பழைய ஊரை விட்டு நாங்கள் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. நகரசபை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. பழைய ஊரின் படத்தை விரித்துவைத்து, அதே அளவு, அதே தெரு, அதே மூலை என்று கயிறு பிடித்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தாரோ இங்கேயும் அவருக்குப் பக்கத்தில்தான். மைதானத்துக்குத் தெற்கே பிரான்சிஸ்கு கோயில், அதற்கு இரண்டு தெரு தள்ளி என் மனை, என் மனைக்குப் பக்கத்தில் உங்கள் மனை. பதினைந்து காத தூரம் மாட்டுவண்டியில் முதுகு ஒடிய வந்ததும், பக்கத்து மனையில் உங்கள் பெயர் எழுதின குச்சி நட்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் சாமியார் சொன்ன பாவம் வந்துவிடும்.

எல்லாம் பழையபடி இருக்கிறது, ஆறு மட்டும் இடம் மாறிவிட்டது. நான் இன்னமும் பழைய நினைப்பில் குடத்தோடு கிழக்கே போய், தண்ணீர்த் துறை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தருடைய மாட்டுப்பட்டியில் போய் நிற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சபை ஒரு கெடு வைத்திருக்கிறது. அருளப்பர் திருநாளுக்குள், அதாவது ஜூன் இருபத்து நாலுக்குள், மனையில் தெருப்பக்கச் சுவரும் ஒரு கதவும் நிற்க வேண்டும், மனைக்காரரும் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனை அடுத்த பக்கத்துக்காரருக்குப் போய்விடும். உங்களுக்கு அடுத்த பக்கத்துக்காரர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெழுகுவர்த்திக்கார கார்சேஸ். மனுஷன் இப்போதே உங்கள் மனையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கொழுப்புக் கொப்பரையை எங்கே வைக்கலாம் என்று கையை நீட்டி அளக்கிறார்.

வர வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. தகவல் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெத்ரோனா


பழைய சாந்தா ஃபே
மார்ச் 14

பெத்ரோனாவுக்கு,

உன் தகவல் கிடைத்தது. வண்டிக்காரர் ததேயோ கொண்டுவந்து கொடுத்தார். கடிதத்தைப் பிரித்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன். அந்த எழுத்து மெல்ச்சோர் எழுத்து. உனக்கும் அவர்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார், எனக்கும் அவர்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழுத்தாவது அவரைப்போல் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன், குணம் இல்லாவிட்டாலும்.

நான் வருவதாக இல்லை. காரணம் மூன்று. ஒன்று, என் கணவர் இங்கே பிரான்சிஸ்கு கோயில் தரைக்குக் கீழே, பாடற்குழு மேடைக்கு இடது பக்கம் படுத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் வாங்கியாகிவிட்டது. இரண்டு, ஆறு ஊரைத் தின்கிறது என்று நீங்கள் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினீர்கள். என் கொல்லையிலிருந்து கரை இன்னும் அறுபது முழம் தள்ளியே இருக்கிறது. மூன்றாவது காரணம், நீ அங்கே இருக்கிறாய்.

புது ஊரைப் பற்றி ததேயோ சொன்னார். கிழக்கே பெரிய ஏரி, மேற்கே சலாதோ ஆறு, தெற்கே இரண்டும் சேர்கிற சதுப்பு. ஒரு ஆற்றுக்குப் பயந்து மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? கேட்டால் எதிரிகள் குதிரையில் வர முடியாதாம். கூடிய சீக்கிரம் நீங்களும் படகில்தான் பூசைக்குப் போவீர்கள்.

ஆரஞ்சு மரம் இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. என் மரம்.

கசில்தா


புதிய சாந்தா ஃபே
ஏப்ரல் 9

அண்ணி,

அறுபது முழமா? வாய் கூசாமல் எப்படி எழுதினீர்கள்? ததேயோவை உட்காரவைத்து, மாத்தே இலையைக் கொதிநீரில் போட்டுக் கொடுத்து, இரண்டு சுரைக்குடுவை உறிஞ்சி முடித்ததும் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க ததேயோ, கரை எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னு உங்க அண்ணி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்கம்மா."

"சரி, சொல்லாதீங்க. கொல்லையில கோழிக்கூடு இருந்துச்சே, அது இருக்கா?"

"கூடு இல்லம்மா. கோழி இருக்கு. திண்டாடிட்டு இருக்கு."

கோழிக்கூடு போனால் மிச்சம் இருப்பது இருபத்தைந்து முழம். அதிலே உங்கள் அடுப்படி எத்தனை முழம், படுக்கையறை எத்தனை முழம் என்று எனக்குத் தெரியாதா? அது என் அப்பா கட்டின வீடு. உங்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லையென்றால் போகட்டும், அந்தக் கோழி என்ன பாவம் செய்தது?

இங்கே சங்கதி முற்றிவிட்டது. கார்சேஸ் கொப்பரையை ஏற்றிவிட்டார். அந்த மாட்டுக்கொழுப்பு நாற்றம் உங்கள் காலி மனையைத் தாண்டி நேராக என் வீட்டுக்குள் வருகிறது. துணியில் நாறுகிறது, ரொட்டியில் நாறுகிறது, குடிக்கிற மாத்தேயில்கூட நாறுகிறது. பழைய ஊரில் எனக்கு இந்த வாடை வந்ததே இல்லை. யோசித்துப் பார்த்தேன். நடுவில் உங்கள் வீடு இருந்தது. அத்தனை வருஷமும் நீங்கள் ஒருத்தியே அதை மோந்துகொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, நாம்தான் பேசிக்கொள்வதில்லையே.

இன்னொன்று. எல்லைக்குக் கயிறு பிடிக்கிற ஒர்தோன்யோ வந்திருந்தார். பழைய ஊரின் படத்தில் நம் இரண்டு மனைக்கும் நடுவில் எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்த்தால், சரியாக அந்த இடத்தைக் கரையான் தின்றுவைத்திருக்கிறது. ஊர்ப்படம் முழுவதும் விட்டுவிட்டு அந்த இரண்டு முழத்தை மட்டும்! "ரெண்டு வீட்டுல யாராவது சிலுவையைத் தொட்டு எல்லையைச் சொல்லணும். இல்லேன்னா நான் கயிறு போடமாட்டேன்" என்கிறார். நீங்கள் இங்கே இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

சீக்கிரம் வந்து சேருங்கள். இதைக் கெஞ்சுவதாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெத்ரோனா


பழைய சாந்தா ஃபே
மே 6

பெத்ரோனா,

இப்போது புரிந்துவிட்டது. கார்சேஸ், கெடு, கோழிமேல் திடீர்க் கரிசனம் எல்லாம் எதற்காக என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கண் அந்த இரண்டு முழத்தின்மேல். கேட்க ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிலுவையைத் தொட்டு விழுங்கப் பார்க்கிறாய்.

தாராளமாகச் சத்தியம் செய். ஆனால் செய்யும்போது இதையும் நினைத்துக்கொள். உன் அப்பா மனையைப் பிரித்துக் கொடுத்தபோது, "மரத்துக்கு இந்தப் பக்கம் பையனுக்கு, அந்தப் பக்கம் பொண்ணுக்கு" என்றார். மரம் யாருக்கு என்று சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். மெல்ச்சோர் உயிரோடு இருந்தவரை சண்டையே வராமல் பார்த்துக்கொண்டார். அவரே மரத்தில் ஏறி, உன் கூடையில் ஒன்று, என் கூடையில் ஒன்று என்று போடுவார். ஒரு தடவை உன் கூடைக்கு எட்டிப் போடப் போய்த்தான் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். அந்தக் கால் கடைசிவரை கோணிக்கொண்டே இருந்தது. உனக்குப் பழம் பறிக்கப் போய்த்தான் அது நடந்தது, எனக்குப் பறிக்கப் போய் அல்ல. அதனால்தான் அவர் போனதும் சுவர் வைத்தேன். சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

கரை பதினெட்டு முழத்தில் இருக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை. அடுப்படி ஏப்ரல் இருபதாம் தேதி போயிற்று. நான் அப்போது உள்ளே இல்லை. பானையை மட்டும் காப்பாற்றினேன்.

ஊரில் மிச்சம் இருப்பது நாங்கள் ஆறு பேர். கோயில் மணியை உங்கள் ஊருக்கு ஏற்றிவிட்டதால் பெனிதோ சாமியார் என் செப்புப் பானையை இரவல் வாங்கித் தட்டிப் பூசைக்கு அழைக்கிறார். பூசை முடிந்ததும் அதே பானையில் நான் கூழ் காய்ச்சுகிறேன். சில நாள் கூழ் தயாராகிறது என்று நினைத்து இரண்டு பேர் பூசைக்கு வந்துவிடுகிறார்கள். சாமியார் அதையும் பக்திக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

நான் போனால் இந்தக் கோயில் தரையில் மெல்ச்சோர் தனியாகக் கிடப்பார். இன்றைக்கோ நாளைக்கோ ஆறு கோயிலுக்கும் வரும். அவரை விட்டுவிட்டு வந்து உனக்கு நாற்றம் வராமல் மறைத்துக்கொண்டு நிற்கவா?

உன் இஷ்டப்படி சத்தியம் செய்துகொள்.

கசில்தா


புதிய சாந்தா ஃபே
ஜூன் 8

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அண்ணன் விழுந்த அன்று என் கூடை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. அதை நான் மறந்ததே இல்லை. கிட்டே கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். நீங்களும் அதையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியாது.

நேற்றுச் சத்தியம் செய்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கயிறு, முளைக்குச்சி, மரச்சிலுவை எல்லாம் எடுத்துக்கொண்டு ஒர்தோன்யோ காலையில் வந்தார். பின்னாலேயே கார்சேஸ் வந்து, பெரிய மனுஷர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆறு வருஷமாகச் சொல்லி வந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒர்தோன்யோ பொதுவாக ஒரு பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்கம்மா. தெருப்பக்கம் நாப்பது முழம் இல்லேன்னா அது தனி மனைன்னு சபை எழுதாது. அடுத்த பக்கத்து மனையோட சேர்த்துடும்."

"எங்க அண்ணி மனை எத்தனை?"

"அந்த ரெண்டு முழம் அவங்களோடதுன்னா சரியா நாப்பது. உங்களோடதுன்னா முப்பத்தெட்டு."

கார்சேஸ் தொண்டையைச் செருமினார். "பெத்ரோனாம்மா எப்பவும் நியாயம் பேசுறவங்க. மரம் அவங்களோடதுன்னு ஊருக்கே தெரியும். பயப்படாம சொல்லுங்கம்மா."

ஆறு வருஷத்தில் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் அந்தக் கொழுப்புக் கொப்பரைதான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சிலுவையில் கையை வைத்தேன். "மரமும் அந்த ரெண்டு முழமும் கசில்தா அண்ணியோடது. எப்பவும் அவங்களோடதுதான்" என்றேன்.

ஒர்தோன்யோ காதைத் தேய்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாழ்நாளில் இவ்வளவு கசப்பான வார்த்தையைச் சொன்னதில்லை, அதுவும் ஒரே காலையில் இரண்டு தடவை.

தெருப்பக்கச் சுவரை நானே ஆள் வைத்து எழுப்பிவிட்டேன். கதவும் நிற்கிறது. யாருடைய கதவு என்று கேட்க வேண்டாம். உங்கள் மனை இப்போது சட்டப்படி முழுசாக இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் இல்லை. கெடுவுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது. ததேயோ காலி வண்டியோடு உங்களைக் கூட்டிவரத்தான் வருகிறார், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

ஜெயித்துவிட்டோம் என்று என் முன்னால் சிரிக்காமல் இருந்தால் போதும்.

பெத்ரோனா


பழைய சாந்தா ஃபே
ஜூன் 12

பெத்ரோனாவுக்கு,

ததேயோ இந்த மாதம் இன்னும் வந்து சேரவில்லை. படகில் தெற்கே போகிற மீன்காரர் ஒருவர் கையில் இதை அவசரமாகக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர வேண்டும்.

போன வியாழக்கிழமை மரம் விழுந்துவிட்டது. பழம் பழுத்த மரம், வேரோடு சரிந்தது. சுவரும் அதோடு போயிற்று. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழங்கள் எல்லாம் மேலே மிதந்துகொண்டு உங்கள் ஊர்ப் பக்கம் போயின. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்துக்காக அழுதேனா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை. ஏழு பழத்தைத் துடுப்பால் இழுத்து எடுத்தேன்.

அன்றைக்கே பெனிதோ சாமியாரிடம் போனேன். "மெல்ச்சோரை எடுத்துட்டுப் போகணும் சாமி" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "கூடப் பிறந்தவங்க சம்மதக் கையெழுத்து வேணுமேம்மா."

"அவ பதினஞ்சு காதம் தள்ளி இருக்கா. கரை ஆறு முழத்துல இருக்கு."

"அப்ப உங்க ரெண்டு பேருக்குள்ள எந்த வழக்கும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாலும் போதும். வழக்கு இருக்கிற வீட்டு எலும்பை நான் தொடமாட்டேன்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கு இல்லை என்று எழுதினால் மட்டும் போதாதாம், வழக்கு எப்படித் தீர்ந்தது என்றும் எழுத வேண்டுமாம். "ஆரஞ்சு மரத்தடி இரண்டு முழமும் என் நாத்தனார் பெத்ரோனாவுடையது, எனக்கு அதில் உரிமை இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன். சாமியார் அதில் முத்திரை வைத்து இதே படகில் உங்கள் சபைக்கு அனுப்புகிறார். நீ இந்நேரம் சத்தியம் செய்து வாங்கியிருப்பாய். வைத்துக்கொள். இப்போது அது பொய்ச் சத்தியம் ஆகாது. உன் ஆத்துமாவையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன், நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தரையைத் தோண்டியதில் சின்னச் சிக்கல் வந்தது. கோயில் நிறைந்துபோய் ஒருவர்மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். யார் மெல்ச்சோர், யார் வேறு ஆள் என்று சாமியாருக்கே தெரியவில்லை. நான் அந்தக் கோணல் காலைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தலையில்தான் சந்தேகம் வந்தது. இரண்டு கிடந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

பெட்டி செய்யப் பலகை இல்லை. வாசல் கதவைக் கழற்றி அறுத்து அதிலேதான் வைத்திருக்கிறேன். ஆகவே என்னிடம் கதவு கிடையாது. கெடுவுக்குள் வந்தாலும் கதவில்லாமல் என் மனை நிற்குமா என்று தெரியாது. நின்றால் நிற்கட்டும், இல்லாவிட்டால் அவரை உன் வீட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொள். என்னை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கசில்தா


புதிய சாந்தா ஃபே
ஜூலை 1

அண்ணி,

பக்கத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். இதை வேலிக் குச்சியில் குத்தி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அருளப்பர் திருநாளுக்கு முதல் நாள் பொழுது சாய வண்டியில் வந்து இறங்கியது முதல் எட்டு நாளாக நாம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். கழுத்து வலிக்கிறது.

நேற்றுச் சபையில் நீங்கள் செய்ததைப் பற்றி எனக்குச் சில ஆட்சேபங்கள் இருக்கின்றன.

எழுத்தர் நம் இரண்டு பேருடைய பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். என் சத்தியப்படி அந்த இரண்டு முழம் உங்களுடையது, உங்கள் கையெழுத்துப்படி என்னுடையது. "இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். என்னோடது என்னோடதுன்னு அடிச்சுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். உன்னோடது உன்னோடதுன்னு அடிச்சுக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று அவர் தலையில் கையை வைத்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் நான் "உங்களோடதுதான்" என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னபோது, நீங்கள் சுவரைப் பார்த்து "கையெழுத்துன்னா கையெழுத்துதான்" என்று முறைத்துக்கொண்டது நல்லாவா இருந்தது? நீங்கள் பிடிவாதம் பிடிக்கப் பிடிக்க உங்கள் மனை முப்பத்தெட்டு முழமாகிக்கொண்டிருந்தது. அது உங்களுக்கு உறைத்ததா? கார்சேஸுக்கு உறைத்தது. "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா அந்த ரெண்டு முழம் சபைக்கு வரட்டும். சேர்ந்தாப்பல பாக்கியையும் நான் எடுத்துக்கறேன்" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்ததாக எழுத்தர், "அப்ப கடைசியா கேக்கிறேன், அந்த ரெண்டு முழம் யாரோடது?" என்றார். நான் வாய் திறந்தேன். நீங்களும் திறந்தீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான் வந்தது. "மெல்ச்சோரோடது."

அது வரைக்கும் சரி. "செத்தவங்க பேர்ல மனை எழுத முடியாதும்மா" என்று அவர் சொன்னதும், நீங்கள் கையோடு தூக்கிவந்திருந்த பெட்டியைத் திறந்து அண்ணனின் கோணல் காலை எடுத்து அவர் மேசையில் வைத்தீர்களே, அதற்குத்தான் என் ஆட்சேபம். மைக்கூடு கவிழ்ந்து பத்திரமெல்லாம் பாழாகிவிட்டது. எழுத்தர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். நீங்களோ ஏதோ கத்தரிக்காய் விற்கிற மாதிரி பேசுகிறீர்கள்.

"பழைய ஊர்ல இருந்து வந்து சேர்ந்தவங்களுக்கெல்லாம் நிலம் உண்டுன்னு தமுக்கடிச்சுச் சொன்னீங்க. உயிரோட வந்தவங்களுக்கு மட்டும்னு சொல்லல. இவர் வந்து சேர்ந்தாச்சு. வேணும்னா முகத்தையும் காட்டுறேன், ரெண்டு இருக்கு, உங்களுக்குப் பிடிச்சதைப் பார்த்துக்கோங்க."

எழுத்தர் அந்த வேகத்தில் எழுதினதை நான் பார்த்ததே இல்லை. இரண்டு முழமும் மெல்ச்சோர் பேரில், புருஷன் நிலம் பெண்சாதி முகப்போடு சேரும் என்பதால் உங்கள் மனை நாற்பது. கார்சேஸ் மெல்ல வெளியே நழுவிவிட்டார், அந்த இரண்டாவது தலை அவருடைய அப்பாவாக இருக்குமோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நான் வெளியே வந்து சிரித்த சிரிப்பில் வயிறு வலி எடுத்துவிட்டது. உங்களோடு சேர்ந்து சிரிக்க முடியாமல் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தேன். அண்ணன் இருந்திருந்தால் என்று நினைத்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. பெட்டிக்குள் அவன் இருக்கத்தான் செய்தான், இருந்தாலும்.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். சபையில் நான் உங்கள் எதிரில், உங்களோடு சேர்ந்து வாய் திறந்து பேசிவிட்டேன். சத்தியம் உடைந்துவிட்டதா? சாமியாரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. உடைந்துவிட்டது என்றால் சொல்லிவிடுங்கள், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பேசாமல் இருக்கிறேன்.

இன்னொன்று, காலையில் அந்த இரண்டு முழத்தில் நீங்கள் குந்திக்கொண்டு ஏதோ விதை ஊன்றுவதைப் பார்த்தேன். ஏழு பழத்து விதையையும் ஒரே குழியில் போட்டால் ஒன்றுகூட உருப்படாது. எழுத்தில் சொல்லிவிட்டேன், பேசவில்லை.

பெத்ரோனா


அதே ஊர், அதே நாள்

பெத்ரோனா,

நீ என்ன சத்தியம் செய்தாய் என்று உனக்கே மறந்துவிட்டது. "இந்தச் சுவர் நிக்கிற வரைக்கும்" என்றுதான் நடுத்தெருவில் கத்தினாய். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சுவர் மரத்தோடு ஆற்றில் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. நான் அதை எழுதியும் அனுப்பினேன். பழம் மிதந்ததைப் படித்தாய், சுவர் போனதைப் படிக்கவில்லை. ஒரு மாதமாக ஒன்றும் இல்லாததற்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு, என் கழுத்தையும் ஆட்டவைத்தாய்.

இங்கே நடுச்சுவர் வைக்கப்போவதில்லை. வைக்க மண்ணும் இல்லை, எனக்கு முதுகும் இல்லை.

என் வாசலில் நிற்கிற கதவு யாருடையது என்று கேட்க வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை, உன் கோழிகள் சொல்லிவிட்டன. கதவில்லாத உன் அடுப்படிக்குள் அவை போய் வருவதை எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவைத் திருப்பித் தரமாட்டேன். எனக்கு வேறு இல்லை, என் பழைய கதவில் அவர் படுத்திருக்கிறார், புதுக் கோயில் தரை தயாராகும்வரை படுத்திருப்பார்.

விதையை எத்தனை குழியில் போட வேண்டும் என்று கடிதத்தில் எழுதினால் எனக்குப் புரியாது. மாத்தே கொதிக்கிறது. இனிமேல் எழுதாதே, வந்து வாயாலேயே திட்டு.

தட்ட வேண்டாம். உன் கதவுதானே, திறந்துகொண்டு வா.

கசில்தா